ஓர் எழுத்துப் பிழையும் நூறாண்டுத் தேடலும்

நுழையும்முன்

ஒரு நோயின் காரணத்தை அறிவதற்கும் அந்நோயைத் தீர்ப்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவை எந்தத் துறையும் தனித்துக் கடந்ததில்லை. மருத்துவர், வேதியியலார், நுண்ணுயிரியலார், மரபியலார் எனப் பலரும் வெவ்வேறு வினாக்களோடு நடந்த பாதைகள் ஓரிடத்தில் கூடும்பொழுதே புதிய மருத்துவம் பிறக்கிறது. அவ்வாறு பிறந்த மருத்துவம் உரியவரைச் சென்று சேர்வது மற்றொரு நெடும்பயணம். கதிரரிவாள் இரத்தச்சோகை என்னும் மரபுவழி நோயின் வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் காட்டுகிறது.

ஓர் எழுத்தின் விளைவு

தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும் என்பதை நாம் அறிவோம். ‘வழி’ என எழுத வேண்டிய இடத்தில் ‘வலி’ என எழுதினால் தொடரின் கருத்தே திரிந்துபோகும். சுவடிகளைப் படியெடுத்த காலத்தில் ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய அடுத்த ஏட்டிலும் இடம்பெற்றது. அதிலிருந்து படியெடுத்த ஏடுகளிலும் தொடர்ந்தது. உயிரின் ஏட்டிலும் இத்தகைய பிழைகள் நேர்வதுண்டு.

நம் உடற்செல்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் மூலக்கூறே அந்த ஏடு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள். ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் எழுதப்பட்ட அந்த ஏட்டில், ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். பெரும்பாலான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக நம்மை வந்தடைகின்றன.

இரத்தத்துக்குச் செந்நிறம் தருவதும் ஆக்சிஜனைச் சுமந்து செல்வதும் ஹீமோகுளோபின் என்னும் புரதம். இரண்டு ஆல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் இணைந்து அது உருவாகிறது. பீட்டாச் சங்கிலிக்குரிய மரபணு 11ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. அம்மரபணுவில் அடினின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் அமைந்துவிட்டால், 146 அமினோ அமிலங்களைக் கொண்ட அச்சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்கு மாறாக வாலின் இடம்பெறுகிறது. பிழை இவ்வளவே.

ஆயினும் அதன் விளைவு பெரிது. இப்பிழையுடைய ஹீமோகுளோபின், ஆக்சிஜனைத் திசுக்களுக்கு வழங்கிய பின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகத் திரள்கிறது. வட்டமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டிய சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் வளைந்து விறைக்கிறது. இத்தகைய அணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சிக்கி ஓட்டத்தைத் தடுக்கின்றன. தடைபட்ட இடத்தில் தாங்கவியலாத வலி எழுகிறது. மண்ணீரல் பழுதுபடுவதால் நோய்த்தொற்று எளிதில் பற்றுகிறது. மூளைக்குச் செல்லும் குருதி தடைபட்டால் பக்கவாதம் நேர்கிறது. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் வடிவ அணுவோ 10 முதல் 20 நாளுக்குள் அழிந்துவிடுகிறது. எனவே இரத்தச்சோகை நீங்காத் துணையாகிவிடுகிறது.

நோயை அறிந்த வரலாறு

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் பல் மருத்துவம் பயில வந்த மாணவர் ஒருவர், 1904ஆம் ஆண்டில் நோயுற்று மருத்துவமனைக்கு வந்தார். அவரது குருதியை நுண்ணோக்கியில் கண்ட மருத்துவர்கள், அதில் அரிவாள்போல் வளைந்த அணுக்கள் இருப்பதைக் கண்டு வியந்தனர். ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் 1910ஆம் ஆண்டில் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ உலகில் இந்நோய் பதிவு பெற்றது அப்போதுதான்.

அணுக்கள் ஏன் வளைகின்றன என்னும் வினாவுக்கு விடை காண மேலும் 39 ஆண்டுகள் தேவைப்பட்டன. விடை கண்டவர் மருத்துவர் அல்லர். லைனஸ் பாலிங் என்னும் வேதியியல் அறிஞர். அவரும் அவருடைய குழுவினரும் மின்புலத்தில் ஹீமோகுளோபினை நகரச் செய்து ஆராய்ந்தனர். நோயுற்றவரின் ஹீமோகுளோபினும் நலமுடையவரின் ஹீமோகுளோபினும் வெவ்வேறு வகையில் நகர்வதை 1949ஆம் ஆண்டில் நிறுவினர். மூலக்கூறு ஒன்றின் அமைப்பு மாறுவதாலேயே ஒரு நோய் தோன்றக்கூடும் என்பதை உலகம் முதன்முதலாக உணர்ந்தது. அந்த மாற்றம் ஒரேயோர் அமினோ அமிலத்தில் நேர்ந்தது என்பதை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெர்னன் இன்கிராம் 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் மெய்ப்பித்தார்.

நோயின் வேர் தெரிந்துவிட்டது. ஆனால், ஏட்டில் உள்ள ஓர் எழுத்தைத் தொட்டுத் திருத்தும் எழுத்தாணி அன்று எவரிடமும் இல்லை.

பிழை ஏன் அழியவில்லை?

உயிருக்கு ஊறு விளைவிக்கும் பிழை தலைமுறைதோறும் குறைந்து மறைய வேண்டுமன்றோ? ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இந்தியாவிலும் இம்மரபணு ஏன் பரவலாக நிலைத்திருக்கிறது? ஆந்தனி ஆலிசன் என்னும் ஆய்வாளர் 1954ஆம் ஆண்டில் இதற்கு விடையளித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த அவர், இம்மரபணுவின் ஒரு படியை மட்டும் பெற்றவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை எனக் கண்டார்.

இரு படிகளையும் பிழையுடன் பெற்றவருக்கே நோய் உண்டாகிறது. ஒரு படியை மட்டும் பெற்றவர் மரபணுத் தாங்கி எனப்படுவார். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார். மலேரியா மிகுந்த நிலப்பகுதியில் மற்றவரைவிட உயிர் தப்பும் வாய்ப்பையும் பெறுகிறார். இவ்வகையில் மலேரியாவுக்கு எதிரான கேடயமாக ஒரு தலைமுறையைக் காத்த மரபணுவே, இரு படிகளாகச் சேரும்பொழுது அடுத்த தலைமுறைக்கு நோயாகிறது. இந்நோய் எவருடைய தவற்றாலும் வருவதன்று என்பதை இவ்வுண்மை உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

தாய், தந்தை இருவரும் மரபணுத் தாங்கிகளாயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுடன் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு; மரபணுத் தாங்கியாகப் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு; இம்மரபணு இன்றிப் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. நோயுடன் பிறக்கும் குழந்தைக்குத் தாயும் தந்தையும் ஒத்த பங்களித்துள்ளனர். எனவே, தாயை மட்டும் குறை கூறுவது அறிவியலுக்கும் அறத்துக்கும் புறம்பானது.

நீலகிரி மலையில்

இந்தியாவில் இம்மரபணு இருப்பது 1952ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. தெரியவந்த இடங்களுள் ஒன்று நம் நீலகிரி. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களின் குருதியை ஆராய்ந்து இதனை வெளியிட்டனர். இருளர், பணியர், குறும்பர் முதலிய மக்களிடையே இம்மரபணு காணப்படுகிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராட்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களின் பழங்குடி மக்களிடமும் பிற சமூகத்தாரிடமும் இது பரவியுள்ளது.

மலையிலும் காட்டிலும் வாழும் மக்களிடையே மிகுந்து காணப்படும் நோய் இது. மருத்துவமனைக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டியவர்கள் அவர்கள். கைகால் வலியென வரும் குழந்தைக்கு வலிநீக்கி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால், நோயின் பெயரைக்கூட அறியாமலேயே அக்குழந்தையின் காலம் கழியக்கூடும். அறிவியலின் வரலாற்றைப் படிக்கும்பொழுது இம்மக்களையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில், இனிக் கூறப்போகும் கண்டுபிடிப்பின் பயனுக்கு உரியவர்கள் அவர்களே.

பாக்டீரியாவின் நினைவேடு

எழுத்தைத் திருத்தும் எழுத்தாணி, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1987ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசூமி இஷினோவும் அவருடைய குழுவினரும் பாக்டீரியா ஒன்றின் மரபணுவை ஆராய்ந்தனர். அதன் அருகே ஒரே எழுத்துத் தொடர், சம இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே நகரையொட்டிய உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மோகிகாவும் அதே அமைப்பைக் கண்டார். கிரிஸ்பர் என இன்று வழங்கும் பெயர் அவரது முயற்சியால் நிலைபெற்றது. அத்தொடர்களுக்கு இடையே உள்ள சிறு துணுக்குகள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளின் மரபணுவிலிருந்து வந்தவை என அவர் உய்த்துணர்ந்தார். அவருடைய கட்டுரையை ஆய்விதழ்கள் பல ஏற்க மறுத்தன. முடிவில் 2005ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

மோகிகாவின் கருத்து மெய்யென்பதற்குச் சான்று தயிரிலிருந்து கிடைத்தது. தயிரும் பாலாடைக்கட்டியும் செய்யப் பயன்படும் பாக்டீரியாக்களை வைரசுகள் அழிப்பது அத்தொழிலின் நெடுநாள் இடர். அவ்விடரைத் தீர்க்க முயன்ற தொழில்நிறுவன ஆய்வாளர்கள், வைரசின் தாக்குதலிலிருந்து தப்பிய பாக்டீரியா, அவ்வைரசின் மரபணுத் துணுக்கைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொள்வதை 2007ஆம் ஆண்டில் சோதனைவழி காட்டினர். ஊருக்குள் புகுந்த திருடனின் அடையாளத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் காவலரைப்போல, பாக்டீரியா தன் பகைவரின் அடையாளத்தைக் குறித்துவைக்கிறது. அதே வைரஸ் மீண்டும் வந்தால், அக்குறிப்பைக் கொண்டு அதனை இனங்கண்டு ஒரு நொதியால் வெட்டி வீழ்த்துகிறது. காஸ்-9 என்பது அத்தகைய நொதிகளுள் ஒன்று.

இம்மானுவேல் சார்பென்டியர், ஜெனிபர் டவுட்னா என்னும் பெண் அறிவியலாளர் இருவரும் தத்தம் குழுவினருடன் இணைந்து 2012ஆம் ஆண்டில் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். காஸ்-9 நொதிக்கு வழிகாட்டும் ஆர்.என்.ஏ. இழையை ஆய்வகத்தில் எளிமையாக வடிவமைக்கலாம் எனவும், அதில் நாம் விரும்பும் 20 எழுத்துகளை எழுதினால் டி.என்.ஏ.வில் அவ்வெழுத்துகள் அமைந்த இடத்தை நொதி தேடிச்சென்று வெட்டும் எனவும் காட்டினர். மறுவருடமே மனிதச் செல்களிலும் இம்முறை வெற்றி பெற்றது. சார்பென்டியரும் டவுட்னாவும் 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இஷினோவோ மோகிகாவோ இரத்தச்சோகைக்கு மருந்து தேடியவர்கள் அல்லர். ஒரு நுண்ணுயிரின் ஏட்டில் காணப்பட்ட புதிரின் பொருளை அறிய விரும்பினர், அவ்வளவே. பயன் கருதாத அறிவுத் தேடல், காலம் கனியும்பொழுது பெரும்பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

கருவறை தந்த துப்பு

வெட்டும் கருவி கிடைத்துவிட்டது. எந்த இடத்தில் வெட்டுவது? பிழையான எழுத்தைத் தேடிச்சென்று மாற்றுவதே நேரான வழி எனத் தோன்றும். எனினும் ஆய்வாளர்கள் தேர்ந்தது மற்றொரு வழி. அதற்கான துப்பு, 1948ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவரின் கண்ணில் பட்டிருந்தது.

நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன், இந்நோய்க்குரிய மரபணுவுடன் பிறந்த பச்சிளங்குழந்தைகளுக்கு முதற்சில மாதங்களில் நோய்க்குறிகள் தோன்றுவதில்லை என்பதை உற்றுநோக்கினார். கருவிலிருக்கும் குழந்தையின் குருதியில் வேறொரு வகை ஹீமோகுளோபின் உண்டு. அதில் பீட்டாச் சங்கிலிக்கு மாறாகக் காமாச் சங்கிலி அமைந்திருக்கும். அது தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனை எளிதில் பற்றிக்கொள்ள உதவுகிறது. குழந்தை பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கி, பெரியோருக்குரிய ஹீமோகுளோபின் உருவாகத் தொடங்குகிறது. அதுவரை நோய் தலைகாட்டுவதில்லை. கருவில் துணைநின்ற ஹீமோகுளோபினே குழந்தையைக் காத்தது என வாட்சன் கருதினார்.

பெரியவர்களுள் சிலருக்குக் கருநிலை ஹீமோகுளோபின் உற்பத்தி இயல்பாகவே அடங்காமல் தொடர்வதுண்டு. அவர்கள் கதிரரிவாள் மரபணுவைப் பெற்றிருப்பினும் நோயின் கடுமையை உணர்வதில்லை. அவ்வாறாயின், அந்த உற்பத்தியை நிறுத்தும் விசை எது? பிசிஎல்11ஏ என்னும் மரபணுவே அவ்விசை என்பதைப் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் காட்டினர். அவ்விசையை முடக்கினால், மூடப்பட்ட பழைய ஏடு மீண்டும் திறக்கும். பிழையுள்ள ஏட்டைத் திருத்தாமலேயே நோயைத் தணிக்கலாம். 60 ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை மருத்துவர் கண்டதும், உப்பளத்தில் ஒரு நுண்ணுயிரியலார் கண்டதும் இவ்விடத்தில் கூடின.

மருத்துவம் நடைபெறும் முறை

காஸ்ஜெவி என்பது கிரிஸ்பர் நுட்பத்தில் அமைந்து அரசின் ஒப்புதல் பெற்ற முதல் மருத்துவம். 2023 நவம்பரில் இங்கிலாந்தும் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் 12 வயது நிறைந்தவர்களுக்கு இதனை வழங்க ஒப்புதல் அளித்தன.

முதலில் நோயாளியின் குருதியிலிருந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. அவை ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே மின்துடிப்பால் குருத்தணுவின் உறையில் நுண்ணிய திறப்புகள் உண்டாக்கப்பட, வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் காஸ்-9 நொதியும் உள்ளே நுழைகின்றன. நொதி, சிவப்பணு உருவாகும் செல்களில் பிசிஎல்11ஏ மரபணுவைத் தூண்டும் சிறு பகுதியை மட்டும் வெட்டி முடக்குகிறது. உடலின் பிற பணிகளுக்கு அம்மரபணு தேவைப்படுவதால் அதனை முற்றிலும் அழிப்பதில்லை.

அதன்பின் நோயாளிக்கு வீரியம்மிக்க மருந்து செலுத்தி, எலும்பு மஜ்ஜையில் எஞ்சியுள்ள பழைய குருத்தணுக்கள் நீக்கப்படுகின்றன. திருத்தப்பட்ட குருத்தணுக்கள் நரம்புவழி உடலில் செலுத்தப்படுகின்றன. அவை மஜ்ஜையை அடைந்து வேரூன்றிப் புதிய அணுக்களை உருவாக்கும்வரை நோயாளி பல வாரங்கள் மருத்துவமனையில் காக்கப்பட வேண்டும். கொடையாளர் எவரும் தேவையில்லை. தம்முடைய செல்களையே நோயாளி திரும்பப் பெறுகிறார். எனவே அயற்செல்லென உடல் அவற்றைப் புறந்தள்ளும் அச்சம் இல்லை.

போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமேனும் கடும்வலித் தாக்குதல் நேரவில்லை என்பதை அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனை காட்டியது. ஆண்டில் பல முறை மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இது மறுவாழ்வு எனலாம்.

துறைகள் கூடும்பொழுது

உடலுக்கு வெளியே செல்களை எடுத்துத் திருத்தும் முறையோடு இத்தேடல் நின்றுவிடவில்லை. உடலுக்குள்ளேயே திருத்தும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. அதற்கு வேறொரு துறையின் கண்டுபிடிப்பு துணைபுரிந்தது. செய்தி ஆர்.என்.ஏ.வை வேதிமுறையில் சற்று மாற்றினால் உடல் அதனைப் பகையெனக் கருதித் தாக்குவதில்லை என்பதைக் கேட்டலின் காரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கொரோனாப் பெருந்தொற்றின்போது விரைந்து உருவான தடுப்பூசிகளுக்கு அதுவே அடித்தளமாயிற்று. 2023ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கல்லீரல் நொதி ஒன்றின் குறைபாட்டால் குருதியில் அம்மோனியா மிகுந்து உயிருக்குப் போராடிய கைக்குழந்தைக்கு, அக்குழந்தையின் தனிப்பட்ட மரபணுப் பிழைக்கெனவே மருந்து உருவாக்கப்பட்டது. ஆறு மாத காலத்தில் உருவான அம்மருந்து, கொழுப்பாலான நுண்துகள்களுக்குள் செய்தி ஆர்.என்.ஏ.வை வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பியது. டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் நுட்பம் அதில் கையாளப்பட்டது. தடுப்பூசித் துறையின் கலமும் மரபணுத் துறையின் எழுத்தாணியும் ஒரு குழந்தைக்காக இணைந்தன.

எல்லையும் அறமும்

எழுத்தாணி கூரியது, தவறான இடத்திலும் கீறக்கூடும். குறித்த இடத்தை ஒத்த வேறோர் இடத்தில் நொதி வெட்டிவிட்டால் புதிய தீங்கு நேரலாம். மஜ்ஜையைத் தூய்மைப்படுத்தும் மருந்து மகப்பேற்றுத் திறனைப் பாதிக்கக்கூடும். எனவே இம்மருத்துவம் பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தல் இன்றியமையாதது.

மற்றொரு வினா அறம் சார்ந்தது. ஒருவரின் இரத்தக் குருத்தணுவில் செய்யும் மாற்றம் அவரோடு முடிந்துவிடும். கருமுட்டையிலோ கருவிலோ செய்யும் மாற்றமோ வழிவழியாகத் தொடரும். 2018ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர் ஒருவர் கருவின் மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தபொழுது, உலக அறிவியலாளர்கள் கடுமையாகக் கண்டித்தனர். அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இன்னும் பிறவாதவரிடம் இசைவு கேட்க இயலாது. அவர் வழித்தோன்றல்களிடமும் கேட்க இயலாது. செய்ய முடிவதெல்லாம் செய்யத் தக்கதாகிவிடாது என்பதை அறிவியல் தனக்குத்தானே கூறிக்கொள்ள வேண்டியுள்ளது.

கைக்கெட்டும் மருத்துவம்

காஸ்ஜெவி மருத்துவத்துக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். உயர்தர மருத்துவமனையும் பயிற்சிபெற்ற குழுவும் இன்றி இதனை வழங்க இயலாது. நோயுற்றோர் மிகுதியாக வாழ்வதோ ஆப்பிரிக்காவின் சிற்றூர்களிலும் இந்தியாவின் மலைக்குடிகளிலும். மருந்து ஓரிடத்திலும் நோய் வேறோரிடத்திலுமாக நிற்கின்றன.

இவ்விடைவெளியைக் குறைக்க நம் நாட்டில் முயற்சிகள் நடைபெறுகின்றன. புதுதில்லியில் உள்ள மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிழையின்றி இடத்தைத் தேர்ந்து வெட்டும் திறன்மிக்க மற்றொரு காஸ்-9 நொதியை உருவாக்கினர். அதன் அடிப்படையில் அமைந்த உள்நாட்டு மருத்துவமுறை, பழங்குடி மக்களின் உரிமைக்குப் போராடிய பிர்சா முண்டாவின் நினைவாகப் ‘பிர்சா 101’ எனப் பெயரிடப்பட்டு 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், குருதி உறையாமை நோயுற்ற ஐவருக்கு அவர்தம் குருத்தணுவில் நல்ல மரபணுவைச் சேர்க்கும் மருத்துவத்தை அளித்து, அவர்களுக்கு இரத்தக்கசிவு நேராமல் காத்த செய்தியை 2024 டிசம்பரில் வெளியிட்டனர். உயர்நுட்ப மருத்துவத்தை இம்மண்ணிலும் உருவாக்க இயலும் என்னும் நம்பிக்கையை இவை தருகின்றன.

எனினும், அந்நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்சியூரியா என்னும் விலை குறைந்த மருந்து வலித் தாக்குதலைப் பெரிதும் குறைப்பதை 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது. கருநிலை ஹீமோகுளோபினைப் பெருகச் செய்வதே அதன் முதன்மைச் செயல். பல கோடி ரூபாய் மருத்துவம் பின்பற்றும் அதே துப்பை இந்த எளிய மருந்தும் பின்பற்றுகிறது. பிறந்தவுடன் நோயைக் கண்டறிந்து, பென்சிலினும் தடுப்பூசியும் தந்தால் குழந்தையை உயிர்க்கொல்லித் தொற்றுகளிலிருந்து காக்கலாம். 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசியக் கதிரரிவாள் இரத்தச்சோகை ஒழிப்புத் திட்டம், பாதிப்பு மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கவும், 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கவும் இலக்கு கொண்டது.

இத்திட்டத்தில் பரிசோதனையைவிடக் கடினமானது பரிசோதனைக்குப் பின் பேசும் பேச்சு. மரபணுத் தாங்கி எனக் குறிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை நோயாளியென ஒதுக்கிவிட்டால், மறுமுறை எவரும் குருதியைத் தர முன்வரமாட்டார். மரபணுத் தாங்கி நோயாளி அல்லர். அவர் திருமணம் செய்யலாம். இணையரும் பரிசோதனை செய்துகொண்டால் தெளிவாகத் திட்டமிடலாம். இதனை அம்மக்களின் மொழியில், அவர்கள் மதிக்கும் முறையில் எடுத்துரைக்கும் ஊர்நலச் செவிலியரின் பணி, ஆய்வக அறிவியலாளரின் பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளார். நூறாண்டுக்கும் மேற்பட்ட தேடல், இந்நோய்க்கு மருந்து என்னும் கூற்றை நமக்குத் தந்துள்ளது. எஞ்சிய கூறுகளையும் அதனோடு இணைக்கும்பொழுதே மருத்துவம் முழுமை பெறும். பாக்டீரியாவின் ஏட்டைப் படித்தறிந்த மனித அறிவு, மலைமேல் உள்ள வீட்டின் கதவையும் தட்ட வேண்டும். அப்பொறுப்பு இன்று உயிரியலும் மருத்துவமும் செவிலியமும் சமூகவியலும் பயிலப்போகும் மாணவர்களிடம் வந்து சேர்ந்துள்ளது.

அருஞ்சொற்பொருள்

உய்த்துணர்தல் – சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து உணர்தல்
ஊறு – துன்பம்
குருத்தணு – பலவகைச் செல்களை உருவாக்கவல்ல மூலச்செல்
துப்பு – தடயம்
நொதி – உயிர்வேதி வினைகளை விரைவுபடுத்தும் புரதம்
எலும்பு மஜ்ஜை – எலும்பின் உட்பகுதியில் குருதி அணுக்கள் உருவாகும் மென்திசு

கற்பவை கற்றபின்

1. ஓர் எழுத்து மாற்றத்தால் பொருள் மாறும் பத்துத் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து, மரபணுப் பிழையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியரைச் சந்தித்து, நோய் குறித்த செய்திகளை மக்களிடம் எடுத்துரைக்கும் முறையைக் கேட்டறிந்து எழுதுக.
3. ‘செய்ய முடிவதெல்லாம் செய்யத் தக்கதா?’ – கருவின் மரபணுவைத் திருத்துதல் குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. மரபணுத் தாங்கி என்பவர் யார்?
2. பாக்டீரியாவைக் காவலரோடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்துகிறது?

சிறுவினா

1. கதிரரிவாள் மரபணு தலைமுறைதோறும் நிலைத்திருப்பதற்கான காரணத்தை விளக்குக.
2. பிழையான எழுத்தைத் திருத்தாமலேயே நோயைத் தணிக்க இயலும் என ஆய்வாளர்கள் கருதியதற்கு அடிப்படை யாது?

நெடுவினா

1. பல துறைகளின் கூட்டு முயற்சியே புதிய மருத்துவத்தை உருவாக்குகிறது என்பதைப் பாடப்பகுதி வழி நிறுவுக.
2. உயர்நுட்ப மருத்துவம் எளிய மக்களைச் சென்றடைய மேற்கொள்ள வேண்டிய வழிமுறைகளைத் தொகுத்தெழுதுக.